எரிகாயமும் கொள்ளைநோயும்: ஒரு வரலாற்று நோக்கு

கொள்ளைநோய்களின் வரலாற்றை ஆராய்வோர் அவற்றால் மாண்டோரின் தொகையையே பெரிதும் நோக்குவர். அக்காலத்தில் வேறொரு துன்பத்துக்கும் ஆளாகி வைத்தியசாலையை நாடியோரின் நிலை அத்துணை ஆராயப்படவில்லை. எரிகாயமும் தொற்றுநோயும் ஒருங்கே வாய்த்த நோயாளி அத்தகையோருள் ஒருவர்.

தோல் உடலின் அரண். அது எரிந்தழியும்போது கிருமிகள் தடையின்றிப் புகுகின்றன. பிரித்தானிய வைத்தியரான லெனாட் கோல்புறூக் 1940களில் கிளாஸ்கோவிலும் பின்னர் பேர்மிங்காமிலும் எரிகாயப் பிரிவுகளில் ஆற்றிய பணி இவ்வகையில் முதன்மையானது. வடிகட்டிய காற்றை உட்செலுத்தி, அறையின் காற்று வெளிநோக்கியே செல்லுமாறு அமைத்த இடத்திற் புண்ணுக்குக் கட்டிடும் முறையை 1946 இல் அவரும் பூர்டில்லனும் விளக்கினர். பிறரிடமிருந்து நோயாளியைக் காப்பதே இதன் நோக்கமாகும்.

2020 மார்ச் 11 இல் கொவிட்-19 உலகப் பெருந்தொற்றென அறிவிக்கப்பட்டபோது வைத்தியசாலைகள் இதற்கு மறுதலையான நெறியைக் கைக்கொள்ள நேர்ந்தது. நோயாளியிடமிருந்து பிறரைக் காக்கவேண்டியிருந்தமையால், அறையின் காற்று வெளியே செல்லலாகாது என்பதே அந்நெறி. இரு நோயும் உடையவர்க்கு இவ்விரு நெறிகளும் முரண்படுகின்றன. முன்னறையோடு கூடிய தனியறை, அவருக்கெனத் தனித் தாதியர், இயன்றவரை குறைந்த தடவைகளிற் கட்டு மாற்றுதல் ஆகியனவே இம்முரணைத் தணிக்கும் வழிகள்.

நோயை அறிவதிலும் இடருண்டு. எரிகாயம் தானே காய்ச்சலைத் தரும். புகையைச் சுவாசித்தவர்க்கு இருமலும் மூச்சுத்திணறலும் தோன்றும். ஆயினும் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருத்தல் இயலாது. பெருங்காயமுற்றவர்க்கு முதல் 24 மணி நேரத்துக்குரிய திரவத்திற் பாதியைக் காயமுற்ற 8 மணி நேரத்துள் ஏற்றுதல் பரவலான வழக்கு. தொற்றுற்ற நுரையீரலோ மிகுதிரவத்தைத் தாங்காது. எனவே தொற்றுடையவராகவே கருதி, அளவறிந்து, உடனே தொடங்குதல் வேண்டும்.

இவ்வுண்மையை நம் மண்ணில் வைத்து நோக்குதல் தகும். முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் செல்லும் வீதியிலுள்ள நாயாறு, கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மீன்பிடிக் கிராமம். வெளியிணைப்பு இயந்திரப் படகுகளுக்கு மண்ணெண்ணெய் இன்றியமையாதது. அதே மாவட்டத்துக் கேப்பாப்பிலவில் 2020 இல் தனிமைப்படுத்தல் நிலையம் இயங்கியது. நாடெங்கும் ஊரடங்கு நிலவியது. அத்தகைய நாளொன்றில் இங்கு ஒருவர் தீக்கிரையாயின், முதல் 8 மணி நேரத்தில் எத்தனை மணி வீதியிலேயே கழியும் என்பது சிந்தனைக்குரியது.

ஆதலின் தடுப்பே தலையாயது. கோல்புறூக்கின் முயற்சியும் துணைநிற்க, வெப்பமூட்டிகளுக்குக் காப்புத்தடுப்பை வலியுறுத்திய சட்டம் 1952 இல் பிரித்தானியாவில் நிறைவேறியது. இலங்கையில் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குப்பிவிளக்குச் சரிந்து எரிந்தோரைக் கண்டு, உருளாத தட்டைப் பக்கங்களும் திருகுமூடியும் கொண்ட பாதுகாப்பு விளக்கை 1990களில் உருவாக்கிப் பரப்பினார். 1998 இல் றோலெக்ஸ் விருதும் பெற்றார்.

தனிமைப்படுத்தல் என்பது சிகிச்சையைத் தள்ளிவைத்தல் அன்று. தொற்றுக்கு அஞ்சிக் காயத்தைக் கைவிடாத ஏற்பாட்டைக் கொள்ளைநோய் வருமுன்பே, தலைநகரில் மட்டுமன்றி நாயாறு போன்ற ஊர்களுக்கு அண்மையிலும் அமைத்தலே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் கடமையாகும்.