நான்கு வயதுக் கைதிகள்

தோழர்களே, ரேகைச் சட்டம் என்றதும் நமக்குக் கைரேகையும் ராத்திரிச் சீட்டும் நினைவுக்கு வருகின்றன. அந்தச் சட்டம் குழந்தைகளையும் பிடித்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

1871இல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டத்தை 1897இல் திருத்தினார்கள். 4 வயதுக்கு மேல், 18 வயதுக்குள் உள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்பில் வைக்கலாம் என்றது அந்தத் திருத்தம். பிள்ளை எந்தக் குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை. பிறந்த சாதியே போதும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர், எருகுலர், கள்ளர், வேப்பூர்ப் பறையர் எனப் பல சமூகங்கள் பட்டியலில் ஏறின. ஸ்டூவர்ட்டுபுரம், அஜீஸ் நகர் போன்ற குடியிருப்புகளில் குடும்பம் குடும்பமாக வைக்கப்பட்டார்கள். 1924ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தக் குறைந்தபட்ச வயது 6 ஆக இருந்தது. பிரிக்கும் அதிகாரத்தைக் கைவிடவில்லை. தாயும் தகப்பனும் உயிரோடு இருக்க, பள்ளிக் கண்காணிப்பாளரே பிள்ளையின் காப்பாளர் ஆனார்.

சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் சட்டம் நீங்கியது. காகிதத்தில் கதை முடிந்தது. உடம்பில் முடிந்ததா?

அமெரிக்காவில் 14,000க்கும் மேற்பட்டோரை இளம்பருவம் முதல் பின்தொடர்ந்த தரவுகளை மருத்துவர்கள் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். ஒரு மாதத்துக்கும் குறைவாக அடைபட்டவர்களிடம்கூடப் பின்னாளில் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. ஓராண்டுக்கு மேல் அடைபட்டவர்களிடம் அன்றாட வேலைகளைச் செய்ய முடியாத உடல் தளர்ச்சியும் தற்கொலை எண்ணமும் அதிகம். அடுத்த ஆண்டு வந்த ஆய்வு, 14 வயதுக்குள் அடைபட்டவர்களின் நிலை இன்னும் மோசம் என்றது. பயத்திலேயே வளரும் பிள்ளைக்கு உறக்கம் கெடுகிறது. உடம்பு எந்நேரமும் அடிக்குக் காத்திருக்கப் பழகுகிறது. அந்தப் பழக்கம் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் தொடர்கிறது.

அந்த எண்களை அப்படியே நம் குடியிருப்புகளுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் கேள்வியைப் பொருத்தலாம். அங்கே வளர்ந்த தாத்தா பாட்டிகளின் தூங்காத இரவுகளை, காக்கியைக் கண்டால் வரும் நடுக்கத்தை, "அவர் சுபாவமே அப்படி" என்று நாமே ஒதுக்கியிருக்கிறோம். அது சுபாவம்தானா, தண்டனையின் மிச்சமா?

இது பழங்கதையும் அல்ல. கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 வயதுப் பிள்ளையைப் பெரியவர்போல் விசாரிக்க 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் வழி வைத்திருக்கிறது. கூர்நோக்கு இல்லங்களில் இன்று இருப்பவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள், வெளியே வந்தபின் அவர்களின் உடல்நலத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பது நம் வேலை.

மாணவத் தோழர்கள் முதலில் தம் ஊர் முதியவர்களிடம் போய் உட்காருங்கள். சட்டம் போன பிறகும் அவர்கள் உடம்பில் எது போகவில்லை என்று கேட்டு எழுதுங்கள். நட்டஈடு கேட்கும் நாளில் அந்தக் குறிப்பேடு நமக்குச் சாட்சியாக வேண்டும்.