பொறியியல் பட்டத்தின் கிரெடிட் பங்கீடு: தீவகத்திலிருந்து ஒரு பார்வை

நான்கு ஆண்டுப் பொறியியல் இளமாணிப் பட்டத்தை அளக்கும் அலகு கிரெடிட். ஒரு பாடத்துக்காக மாணவர் செலவிட வேண்டிய நேரமே அதன் அடிப்படை. 2012இல் வந்து 2015இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைகள் சட்டகம், ஒரு கிரெடிட்டை 50 மணி நேரக் கற்றலாகக் கொள்கிறது. விரிவுரைப் பாடமானால் அதில் 15 மணி வகுப்பறையில் போகும். மிச்சம் வீட்டிலும் நூலகத்திலும் விடுதி அறையிலும் கழியவேண்டிய நேரம். கைத்தொழிற் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் மட்டும் ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100 மணி.

இந்தச் சட்டகப்படி நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட் போதும். பொறியியற் பீடங்கள் அந்த இடத்தில் நிற்பதில்லை. அவற்றின் பாடத்திட்டங்கள் பொதுவாக 150ஐ நெருங்கிவிடுகின்றன. எட்டு அரையாண்டுக்கு 150 என்றால் ஓர் அரையாண்டுக்குச் சராசரி 19. அதை 50 ஆல் பெருக்கினால் 950 மணி. பதினைந்து வாரப் படிப்பும் நான்கு வாரப் பரீட்சைக் காலமும் சேர்த்துப் பார்த்தால் வாரத்துக்கு 50 மணி நேர உழைப்பு. உணவு, உறக்கம், ஊருக்குப் போய்வருவது எல்லாம் இதற்கு வெளியேதான். யாழ்ப்பாணத் தீவகத்தின் நெடுந்தீவிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டுமானால், யாழ்ப்பாணம் வந்து, பண்ணைப் பாலம் தாண்டி, குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருந்து, பிறகு ஒரு மணி நேரம் கடலில் போக வேண்டும். பாடத்திட்டக் குழு 19ஐ 21 ஆக்கும்போது பறிபோவது இப்படியான வார இறுதிகள்தான்.

படிப்பை மணியால் அளக்கும் வழக்கத்தில் பொறியியலாளர் ஒருவருக்கும் பங்குண்டு. அமெரிக்காவின் கார்னகி அறக்கட்டளைக்காக 1910இல் அறிக்கை எழுதிய மோரிஸ் குக், தொழிற்சாலைத் திறனை நிமிடக் கணக்கில் ஆராய்ந்த பிரெடரிக் டெய்லரின் சீடர். பல்கலைக்கழகப் பௌதிகத் துறைகளின் செலவை ஒப்பிட அவருக்கு ஓர் அலகு தேவைப்பட்டது. ஒரு மாணவர், ஒரு மணி நேரம் என்ற அளவை எடுத்துக்கொண்டார். ஆக, செலவுக் கணக்கு பார்க்கப் பிறந்த கருவி இது. அது எவ்வளவு நேரம் என்று சொல்லும். அந்த நேரத்தில் எதைப் படிப்பது என்று சொல்லாது.

வட மாகாணத்தில் இந்தக் கேள்வி நடைமுறைப் பிரச்சினையானது தாமதமாகத்தான். 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணத்துக்கு, போர் முடிந்த பிறகே பொறியியற் பீடம் கிடைத்தது. அதுவும் குடாநாட்டில் அமையாமல், கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்தது. அதற்கு முன் ஊர்காவற்றுறையிலோ புங்குடுதீவிலோ இணைந்த கணிதத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை, பேராதனை, மொறட்டுவை என்று வடக்குக்கு வெளியேதான் பெட்டி கட்ட வேண்டியிருந்தது. இன்று குடிசார், இயந்திர, கணினி, மின் மற்றும் இலத்திரனியல் பொறியியல் எல்லாம் வடக்கிலேயே உண்டு.

பங்கீட்டுக்கு உலகில் இரண்டு வழிகள் தெரிகின்றன. இந்தியாவின் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகம் 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் முழுக் கணக்கையும் எழுதிக் கொடுத்துவிடுகிறது: அடிப்படை அறிவியலும் கணிதமும் 25, பொறியியல் அறிவியல் 24, துறைசார் கட்டாயப் பாடங்கள் 48, துறைசார் விருப்பப் பாடங்கள் 18, பிற துறை விருப்பப் பாடங்கள் 18, மானிடப் பண்பியலும் முகாமைத்துவமும் 12, செயற்றிட்டமும் தொழிற்பயிற்சியும் 15, கூட்டினால் 160. முன்பு 220 வரை போன சுமையை இறக்கிவைத்த திட்டம் அது. அமெரிக்கத் தரச்சான்று அமைப்பான ஏபெட் வேறு விதம். கணிதம், அறிவியலுக்குக் குறைந்தது 30, பொறியியலுக்குக் குறைந்தது 45 என்று இரண்டு தரைகளை மட்டும் போட்டுவிட்டு, மேலே கட்டுவதைப் பல்கலைக்கழகத்திடம் விட்டுவிடுகிறது. இரண்டில் இரண்டாவதே கெட்டிக்காரத்தனமானது. எழுதிக் கொடுத்த கணக்கில் ஒரு கிரெடிட்டை நகர்த்தவே துறைகளுக்கிடையே சண்டை வரும். தரை மட்டும் இருந்தால் அந்த மண்ணுக்கு ஏற்ற வீட்டைக் கட்டலாம்.

தீவகத்து மண் என்ன கேட்கிறது என்பதற்கு நல்ல சாட்சி, நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான கலப்பு மின்திட்டம். தேசிய மின்வலைப்பின்னலோடு தொடுக்கப்படாத இத்தீவுகள் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. திட்டத்தில் 1,700 கிலோவாற்று சூரிய மின்சாரம், 530 கிலோவாற்று காற்றாலை, 2,400 கிலோவாற்று மணி பற்றரிச் சேமிப்பு, காத்திருப்பில் 2,500 கிலோவாற்று டீசல். உச்சி வெயிலில் சூரியத் தகடுகள் முழு வேகத்தில் ஓடி, ஒருவரும் மின்சாரம் எடுக்காவிட்டால் பற்றரி ஒன்றரை மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். பிறகு வரும் மின்சாரத்தை என்ன செய்வது? நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குச் சனம் திரளும் நாட்களில் தேவை எவ்வளவு ஏறும்? உப்புக் காற்றில் இரும்புத் தாங்கிகள் எத்தனை ஆண்டு தாங்கும்? சுண்ணாம்புக் கல்லில் காற்றாலைக்கு அத்திவாரம் எப்படி இடுவது? முதற் கேள்வி மின் பொறியியல், இரண்டாவது புள்ளியியல், மூன்றாவது இரசாயனம், நான்காவது குடிசார். நான்கு துறையிலிருந்தும் ஆள் அனுப்பத் தீவில் வசதியில்லை. அங்கே நிற்பவர் ஒருவரோ இருவரோதான். பிற துறை விருப்பப் பாடங்களுக்கு ஒதுக்கும் கிரெடிட் வீண் என்பவர்கள் இந்தப் பட்டியலைப் பார்க்கலாம்.

நீரின் கதை இன்னும் கூர்மையானது. நெடுந்தீவில் பல கிணறுகள் உவர். சாராப்பிட்டிக் கிணறுகளையே குடிநீருக்கு ஊர் நம்பியிருக்கிறது. தீவின் அடியில் மழைநீர், கனமான கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்கிறது கைபன்–ஹெர்ஸ்பேர்க் விதி. திருப்பிப் படித்தால்தான் அதன் உறைப்புத் தெரியும். பெரிய பம்ப் பூட்டி நீர்மட்டத்தைப் பத்துச் சென்ரிமீற்றர் இறக்கினால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் நான்கு மீற்றர் மேலேறி வரும். கிணறு உவராகும், திரும்ப நன்னீராக மழைக்காலங்கள் பல வேண்டும். முதலாம் ஆண்டில் சலிப்போடு படித்த நீர்நிலையியல் அழுத்தச் சமன்பாடு ஒன்றே இவ்வளவுக்கும் போதும். பம்ப் தெரிவுசெய்யும் பாடத்துக்கு இடம் வேண்டுமென்று அடிப்படை அறிவியலை அரிப்பது, பம்பை மட்டும் தெரிந்து கிணற்றைத் தெரியாத பொறியியலாளரையே உருவாக்கும்.

அடிப்படை அறிவியலின் வலிமைக்கு வடக்கிலேயே பெரிய உதாரணம் பேராசிரியர் அழகையா துரைராஜா. வடமராட்சியில் பிறந்து, கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்தவர். ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோரோடு சேர்ந்து 1963இல் களிமண்ணின் நெகிழ்வு பற்றி அவர் எழுதிய கட்டுரை, இன்றைய மண் பொறியியலின் அத்திவாரங்களில் ஒன்று. அதன் உள்ளே இருப்பது கணிதமும் ஆற்றல் சமன்பாடும்தான். அவர் பேராதனைப் பொறியியற் பீடாதிபதியாகவும், 1988 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார்.

மானிடப் பண்பியலுக்கும் முகாமைத்துவத்துக்கும் கொடுக்கும் கிரெடிட்டை மாணவர்கள் ‘சும்மா பாடம்’ என்று ஒதுக்குவதுண்டு. மேற்சொன்ன மின்திட்டத்தின் பயணமே அதற்குப் பதில். 2021 ஜனவரியில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு சீனக் கூட்டு நிறுவனம் ஒன்றுக்கு அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. தமிழகக் கரைக்கு இவ்வளவு கிட்டவா என்று இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் பெங்களூர் நிறுவனமொன்றோடு ஒப்பந்தம். இடைப்பட்ட மூன்றாண்டுகளில் தொழில்நுட்பம் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. மாறியது பணம் கொடுப்பவரும் அயலவரின் மனமும். கேள்விப்பத்திரம், ஒப்பந்தச் சட்டம், செலவு மதிப்பீடு, ஊர்ச் சபையோடு பேசும் தமிழ் எல்லாம் இந்தச் சின்னஞ்சிறு ஒதுக்கீட்டுக்குள்தான் அடங்கவேண்டியிருக்கிறது.

அதிகம் ஏமாற்றப்படுவது கைத்தொழிற் பயிற்சி. 24 வாரம், வாரம் 40 மணி என்றால் 960 மணி. சட்டகக் கணக்கில் ஒன்பது கிரெடிட்டுக்கு மேல். பல பாடத்திட்டங்கள் கொடுப்பது அதைவிடக் குறைவு. இடம் கிடைப்பதும் இலேசல்ல; பெரிய நிறுவனங்கள் கொழும்பைச் சுற்றியே இருக்கின்றன. தீவகத்தில் இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நோர்வே உறவில் உருவான காரைநகர் சீநோர் படகுத்துறை கண்ணாடி நாரிழைப் படகு கட்டிய இடம். எழுவைதீவில் மின்சார சபை அமைத்த கலப்பு மின்நிலையம் மேற்படி மூன்று தீவுகளுக்கும் முன்னோடி. மின் பொறியியல் மாணவருக்கு அங்கே ஒரு வாரம் நின்று பற்றரிப் பதிவேட்டைப் பார்ப்பது, நகரத்து அலுவலகத்தில் ஒரு மாதம் கோப்புத் தூக்குவதைவிட மேல்.

வெளிநாட்டு அங்கீகாரத்துக்கோ கணக்கு வேறு. ஆறு நாடுகளின் அமைப்புகள் 1989இல் கையெழுத்திட்ட வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகமும் இந்தியாவின் தேசியத் தரச்சான்று சபையும் 2014இல் முழு உறுப்பினராயின. அந்த உடன்படிக்கை கிரெடிட் எண்ணிக்கையைத் தேடுவதில்லை. பட்டதாரிக்குச் சிக்கலான பிரச்சினையைத் தீர்க்கவும், குழுவாக இயங்கவும், சூழலைக் கவனிக்கவும் தெரிகிறதா என்று பார்க்கிறது. பீடங்கள் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே இந்தத் திறன்களைக் குறித்துக் கட்டம் நிரப்புகின்றன. சில வேளைகளில் கட்டம் நிரம்புகிற வேகத்துக்குத் திறன் நிரம்புவதில்லை.

கடைசியாகக் கவனிக்கப்படுவது பாடங்களின் வரிசை. மொத்தம் சரியாக இருந்தாலும் வரிசை பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். பாய்மவியல் படிக்க வகையீட்டுச் சமன்பாடு வேண்டும், நீரியலுக்குப் பாய்மவியல், நிலத்தடி நீருக்கு நீரியல். ஒரு பாடம் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்குமானால், முதற்கண்ணியில் தவறியவர் ஒரு முழு ஆண்டு காத்திருக்க, பின்னாலுள்ள மூன்று பாடங்களும் சேர்ந்து தள்ளிப்போகும். உண்மையாகவே தேவையானதை மட்டும் முன்நிபந்தனையாக வைத்து, கணிதப் பாடங்களையாவது இரண்டு அரையாண்டிலும் நடத்தினால், ஒரு கிரெடிட்டும் கூட்டாமலே பட்டம் எடுக்கும் காலம் பலருக்குக் குறையும்.