பர்னாந்தும் ஒரு பாட்டுக் குழுவும்

2001-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்த நார்தம்பர்லண்ட் பிளேட் பந்தயத்தில் 'ஆர்ச்டியூக் ஃபெர்டினாண்ட்' என்ற குதிரை வென்றது. அதைப் பார்த்த கிளாஸ்கோ இளைஞர்களின் பேச்சு, குதிரையை விட்டு அந்தப் பெயருக்குரிய ஆஸ்திரிய இளவரசரிடம் தாவியது. அங்கே பிறந்ததுதான் 'ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட்' என்ற குழுப்பெயர். 2004 பிப்ரவரியில் டாமினோ நிறுவனம் வெளியிட்ட முதல் இசைத்தட்டுக்கும் அதே பெயர். பங்க் கிதாரின் முரட்டு வெட்டோடு நடனத் தாளத்தைச் சேர்த்த பழைய வழியை மீட்டெடுத்த தட்டு அது. அவ்வாண்டின் மெர்க்குரி பரிசும் பெற்றது.

பெயரின் இரண்டு சொல்லும் ஒரே ஒலியில் தொடங்குவது குழுவினருக்குப் பிடித்திருந்தது. நமக்கு அது மோனை. தமிழில் எழுதினாலும் கெடுவதில்லை. இகரமும் எகரமும் மோனையில் ஓரினம் என்பதால் 'பி'யும் 'பெ'யும் பொருந்தியே நிற்கின்றன.

'ஃபிரான்ஸ்' ஒரு செல்லப்பெயரின் வாரிசு. அசிசியில் பிறந்த ஜொவான்னி என்ற பிள்ளையை, துணி வணிகரான தந்தை 'பிரெஞ்சுக்காரன்' என்ற பொருளில் பிரான்செஸ்கோ என்று அழைத்தார். பிள்ளை புனிதரானார், பெயர் ஐரோப்பா முழுக்கப் பரவி, ஜெர்மன் வாயில் தேய்ந்து ஃபிரான்ஸ் ஆயிற்று.

'ஃபெர்டினாண்ட்' கதைதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அது காத்தியர் என்ற பழைய ஜெர்மானிய இனத்தாரின் மொழிப் பெயர். பின்பாதி 'துணிவு'. முன்பாதியை 'அமைதி' என்பாரும் உண்டு, 'பயணம்' என்பாரும் உண்டு. நான் பயணத்தின் பக்கம். காத்தியரோடு ஸ்பெயினுக்கு வந்த பெயர் அங்கே ஃபெர்னாண்டோ ஆனது. 1503-இல் ஸ்பெயினில் பிறந்த ஓர் இளவரசருக்கு அரகோன் அரசரான பாட்டனாரின் பெயரை வைத்தார்கள். அவர் ஆஸ்திரியாவை ஆளப் போனதால் அது ஹாப்ஸ்பர்க் குடும்பப் பெயராயிற்று. அதே பெயர் போர்ச்சுக்கீசியரோடு கப்பலேறி, 1530-களில் பரவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது முத்துக்குளித்துறையில் இறங்கியது. தூத்துக்குடியின் பர்னாந்தும் வியன்னாவின் ஃபெர்டினாண்டும் ஒரே சொல்.

1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் மனைவி சோஃபியும் சுடப்பட்டார்கள். அன்றுமுதல் அந்தப் பெயரைக் கேட்டால் முதல் உலகப் போர்தான் நினைவுக்கு வருகிறது. குழுவும் அதை மறக்கவில்லை. பிரிட்டனில் மூன்றாம் இடம் எட்டிய 'டேக் மீ அவுட்' பாட்டின் மறுபக்கத்தில், சோஃபியின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய பாட்டு ஒன்று இருந்தது. முன்பக்கத் தலைப்புக்கும் இரண்டு பொருள்: 'என்னை வெளியே கூட்டிப் போ' என்பது ஒன்று, 'என்னைச் சுட்டு வீழ்த்து' என்பது இன்னொன்று. ஏறத்தாழ ஒரு நிமிடம் விரைந்தோடும் அந்தப் பாட்டு, திடீரென்று வேகம் தணிந்து, காலால் தட்டி ஆடும் நடைக்கு இறங்குகிறது.