தேவாலாவின் தங்கக் கணக்கு

நீலகிரியின் தேவாலா குன்றுகளில் வெண்கல் பாறைக்குள் தங்கம் மெல்லிய இழையாக ஓடுகிறது. தென்மேற்குப் பருவமழை அந்தப் பாறையை அரித்துத் துகளை ஓடையில் தள்ளும். ஓடைகள் கூடிப் புன்னப்புழையாகி நிலம்பூர்ப் பக்கம் இறங்கிச் சாலியாற்றில் சேரும். தண்ணீரைவிட 19 மடங்கு கனமான தங்கம், ஓட்டம் தளரும் வளைவுகளில் கருமணலோடு படிந்துவிடும்.

அந்த மணலைப் பழங்குடிகளான பணியரும் குறும்பரும் மரவையில் அள்ளி, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி அலசுவார்கள். லேசான மணல் வழிந்துவிடும். கனத்தது அடியில் நிற்கும். 1830களில் கிழக்கிந்தியக் கும்பினி ஓர் அதிகாரியை அனுப்பி இந்தத் தங்கத்தை ஆராய்ந்தது. கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டது.

பந்தலூர்ப் பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். அதற்கு அடுத்த அத்தியாயத்தைத்தான் வட்டிக் கணக்கு நடத்தும்போது பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

1860களிலும் 70களிலும் தண்டுதுளைப்பானும் இலைநோயும் இங்கே காபியை அழித்தன. கடனில் மூழ்கிய துரைமார்கள் கையில் மிஞ்சியது நிலம்தான். ஓடையில் இவ்வளவு பொன் என்றால் மேலே பாறையில் எவ்வளவு இருக்கும் என்ற பேச்சு கிளம்பியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறை அதிகாரியாக இருந்த பிரஃப் ஸ்மித்தை அரசாங்கம் வரவழைத்தது. 1880இல் வந்த அவருடைய அறிக்கை ஆசையைக் கிளறிவிட்டது. லண்டனில் 30க்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. அறிவித்த முதல் 40 லட்சம் பவுண்டைத் தாண்டியது. பட்டுப்போன காபித் தோட்டங்கள் தங்க நிலமாகக் கொள்ளை விலைக்குக் கைமாறின.

பாறையை வெட்டி இடித்து அரைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. டன் கணக்கில் கல்லை அரைத்தும் கிடைத்த தங்கம் கூலிக்கும் இயந்திரத்துக்கும் போதவில்லை. மூன்று நான்கு ஆண்டுகளில் கம்பெனிகள் படுத்துவிட்டன. ஆயிரமாயிரம் ஆண்டு மழை அரித்துச் சலித்துச் சேர்த்துவைத்ததைத்தான் ஓடையில் பார்த்தார்கள். அந்த வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்தால் கூலி கேட்காதா? தங்கத்தால் லாபம் பார்த்தவர்கள், மண்வெட்டியே தொடாமல் நிலத்தை விற்றவர்கள்.

பிறகு தேயிலை வந்தது. 1964 சாஸ்திரி–சிறிமா ஒப்பந்தத்தால் இலங்கையை விட்டு வந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயின் லயங்களில் இடம் கிடைத்தது. கொழுந்துக் கூலி போதாமல் சிலர் பழைய சுரங்கக் குழிகளில் இறங்கினார்கள். மண் சரிந்து செத்தவர்களும் உண்டு. தங்கம் பிரிக்கும் பாதரசத்தின் புகையும் போலீஸ் வழக்கும் தனி.

இன்றும் யாராவது தங்கப் பேச்சோடு வந்து பங்கு சேரச் சொன்னால், என் பழைய மாணவர்கள் கேட்பது ஒன்றுதான்: "ஒரு டன் கல்லுக்கு எத்தனை கிராம்? அதை எடுக்க எவ்வளவு செலவு?"