பிரெய்ல் நோட்டேக்கர்: பழைய கருவிகளும் புதியவையும்

பிரெய்ல் நோட்டேக்கர் என்பது பார்வையற்றோர் குறிப்பெழுதவும் வாசிக்கவும் பயன்படுத்தும் கையடக்கக் கணினி. புள்ளிக்கு ஒன்றாக ஆறு விசைகள், இடைவெளிக்கு ஒன்று. எழுதியதைக் குரலாகக் கேட்கலாம், அல்லது மேலெழும் சிறு ஊசிகளை விரலால் தடவிப் படிக்கலாம். இதற்கு முன்னோடி 1951இல் வெளிவந்த பெர்கின்ஸ் பிரெய்லர் என்ற தட்டச்சு இயந்திரம். ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள அந்த இயந்திரம் தமிழ்நாட்டுக் காட்பாடியில் உள்ள வொர்த் டிரஸ்டிலும் உருவாகியிருக்கிறது.

அந்தப் பாரத்தைக் குறைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் டீன் பிளேசி. 1987இல் அவர் வெளியிட்ட ‘பிரெய்ல் அண்ட் ஸ்பீக்’ அரைக் கிலோ அளவே இருந்தது. அதில் தொட்டுப் படிக்கும் வரி இல்லை, குரல் மட்டுமே. பின்னர் வந்த ‘பிரெய்ல் லைட்’ 18 அல்லது 40 எழுத்துக் கட்டங்கள் கொண்ட வரியைச் சேர்த்தது. 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் பல்ஸ் டேட்டா நிறுவனம் விண்டோஸ் சிஇ மென்பொருளில் இயங்கும் ‘பிரெய்ல்நோட்’டைக் கொண்டுவந்தது. தென்கொரியாவின் ‘பிரெய்ல்சென்ஸ்’ அதற்குப் போட்டியாக எழுந்தது.

2016இல் ‘பிரெய்ல்நோட் டச்’, அடுத்த ஆண்டு ‘பிரெய்ல்சென்ஸ் போலாரிஸ்’ என இரு கருவிகளும் ஆண்ட்ராய்டுக்கு மாறின. பழையவற்றில் தயாரிப்பாளர் வைத்ததே மென்பொருள். புதியவற்றில் மின்னஞ்சல், வரைபடம், மின்னூல் செயலிகளைப் பயனரே நிறுவிக்கொள்ளலாம். ஆனால் இந்தத் திறப்புக்கு ஒரு விலை உண்டு. பழைய கருவியை இயக்கியதும் எழுதத் தொடங்கலாம். பத்துப் பதினைந்து ஆண்டு ஒரே மாதிரி நடந்துகொள்ளும். ‘பிரெய்ல்நோட் டச்’ ஆண்ட்ராய்டு 4.4இல் பிறந்தது. அந்தப் பதிப்புக்கான சேவைகளைப் புதுப்பிப்பதைக் கூகுள் 2023இல் நிறுத்திவிட்டது. ஊசிகள் நன்றாக இருக்கும்போதே கருவி பழையதாகிவிடுகிறது. இது பயனருக்கு இழைக்கப்படும் அநீதி என்றே சொல்ல வேண்டும்.

ஏனெனில் விலையின் பெரும்பகுதி அந்த ஊசிகளில்தான் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மெல்லிய பீசோ மின்தகடு. ஏறத்தாழ 200 வோல்ட் பாய்ந்ததும் அது வளைந்து ஊசியை உயர்த்துகிறது. எழுத்துக்கான ஆறோடு கூடுதலாக இரண்டு சேர்ந்து, ஒரு கட்டத்துக்கு எட்டு ஊசிகள் வீதம் 32 கட்டங்கள் கொண்ட கருவியில் 256. தூசியும் விரல் எண்ணெயும் இவற்றின் எதிரிகள். பழுதானால் சரிசெய்வதும் எளிதல்ல. சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர் மின்னணு உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்றது. அருகிலிருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை பழைய மின்சாதனங்கள் கைமாறிய இடம். சாதாரணக் கருவிக்கு இத்தகைய இடங்களில் மறுவாழ்வு கிடைக்கும். பிரெய்ல் கட்டம் அப்படிப்பட்ட பொருளன்று. உலகில் அதைச் செய்பவர்கள் சிலரே, மாற்றுக் கட்டம் தயாரிப்பாளர் வழியாகவே வர வேண்டும்.

சிங்கப்பூரில் தகுதியுள்ளவர்களுக்கு உதவித் தொழில்நுட்ப நிதி கருவி விலையில் 90 விழுக்காடுவரை தருகிறது. வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. நோட்டேக்கர் ஒன்று பல ஆயிரம் வெள்ளி. பள்ளியில் ஒன்று, பல்கலைக்கழகத்தில் ஒன்று, வேலையில் ஒன்று என்று மாற்றினால் அந்த வரம்பு வேகமாகக் கரையும். ஆகவே கருவியின் ஆயுள் இங்கே பணத்தின் கணக்கும்கூட.

தமிழ் வாசகருக்கு இன்னொரு வேறுபாடு முக்கியமானது. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் முதல் புள்ளி ‘அ’. ஒன்றும் மூன்றும் சேர்ந்தால் ‘க’. மெய்யெழுத்தின் தலைப்புள்ளிக்கான கட்டம் எழுத்துக்கு முன்னே வரும். ‘தமிழ்’ என்ற சொல் ஐந்து கட்டங்களில் அடங்கும். ஆங்கிலத்துக்கு மட்டும் அமைந்த பழைய கருவியிலும் இப்படி எழுதிவைத்து விரலால் படிக்க முடியும். ஆனால் குரலைக் கேட்டால் ஆங்கில எழுத்துகளே ஒலிக்கும், ஏனெனில் அங்கே ‘க’வின் இடத்தில் ‘கே’தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் தமிழ்க் குரல்கள் உள்ளன. லிப்லூயி என்ற திறமூல மொழிபெயர்ப்புத் தொகுப்பில் தமிழ்ப் பிரெய்ல் அட்டவணையும் உள்ளது.

பழைய கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இலவசத் திரைவாசிப்பானான என்விடிஏ, லிப்லூயியைப் பயன்படுத்துகிறது. பிரெய்ல்நோட், பிரெய்ல்சென்ஸ் போன்ற பழைய கருவிகள் பலவற்றை அது கணினியின் பிரெய்ல் வரியாக ஏற்கும். மொழிபெயர்ப்பைக் கணினி செய்துவிடுவதால், தமிழ் அறியாத கருவியிலும் யூனிகோடு தமிழ் விரல்நுனியில் வரும்.

புதிதாக வாங்குவோர் விளம்பரத்தில் மொழிப்பட்டியலைப் பார்த்து நிறைவடைய வேண்டாம். ஒரு தமிழ்ப் பத்தியைக் கொண்டுபோய், கருவியிலேயே எழுதி, தடவிப் படித்து, குரலிலும் கேட்டுவிட்டு, மென்பொருள் எத்தனை ஆண்டு புதுப்பிக்கப்படும் என்பதை எழுத்தில் பெற்ற பிறகே பணம் கட்டுங்கள்.