உப்புக்காற்றில் ஒரு ஹெரால்ட்

உப்பு வணிகரான உமணர், தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றையும் கட்டிக்கொண்டு வழிநடந்தனர் என்னும் செய்தி புறநானூற்றின் 102ஆம் பாடலில் இடம்பெறுகிறது. ஔவையார் அதனைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்குகிறார். அப்பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் உவமையின் நயத்தை மட்டுமே பேசிவந்திருக்கிறேன். நடுவழியில் அச்சு முறிந்தால் அதைக் கழற்றி மாற்றத் தெரிந்தவன் யார், அந்த அறிவை அவன் யாரிடமிருந்து பெற்றான் என்னும் கேள்வி எனக்குள் எழுந்ததில்லை. அதை எழுப்பியது, மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய அனுமந்தையில், ஒரு கீற்றுக் கொட்டகையில் நின்றிருந்த பழைய கார்.

அது இரண்டு கதவுகள் கொண்ட ஸ்டாண்டர்டு ஹெரால்ட். கூரை கழற்றப்பட்டிருந்தது. சென்னையில் நெடுங்காலம் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அதனைத் தம் கையாலேயே பராமரித்து வருகிறார். சோழவரம் பந்தயத்தில் ஓடிய வண்டி அது என்பது அவர் சொல். ஹெரால்ட் பந்தயக் காரா என்று வாசகர் ஐயுறலாம். பிறப்பால் அது குடும்பக் கார்தான். பந்தயக் காராக அதனை மாற்றியவை நம் ஊர்ப் பட்டறைகள். அந்த வரலாற்றைச் சற்று விரித்துப் பார்க்கலாம்.

டிரையம்ப் ஹெரால்ட் இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டு வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. கார்களின் அடிச்சட்டமும் உடலும் ஒன்றேயாக வார்க்கப்படும் முறை பரவிக்கொண்டிருந்த அந்நாளில், ஹெரால்ட் மட்டும் பழைய முறைப்படி தனிச் சேசிஸின்மீது கட்டப்பட்டது. காரணம் தொழில்நுட்பமன்று, வணிகப் போட்டி. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குக் கார் உடல்களைச் செய்து தந்த ஃபிஷர் அண்டு லட்லோவை, போட்டி நிறுவனமான பி.எம்.சி. 1953ஆம் ஆண்டில் வாங்கிவிட்டது. முழு உடலை ஒரே இடத்தில் செய்துதர ஆளில்லாத நிலையில், உடலைப் பல துண்டுகளாகச் செய்வித்து, போல்ட்டுகளால் சேசிஸின்மேல் பூட்டும் வழியை அவர்கள் மேற்கொண்டனர். பானட்டும் இரு பக்கத்து மட்கார்டுகளும் ஒரே உறுப்பாக முன்னோக்கிக் கவிழும். என்ஜினும் முன்சக்கர அமைப்பும் முழுதாகக் கண்முன் விரியும். கூரையும் தனியே கழன்று வந்துவிடும். ஒரு நிறுவனத்தின் நெருக்கடி, வீட்டுக் கொட்டகையில் ஸ்பேனரும் பொறுமையும் கொண்டு பிரித்துப் பூட்டத்தக்க ஒரு காரை உலகுக்குத் தந்துவிட்டது எனலாம். இதே சேசிஸைக் குறுக்கி உருவாக்கப்பட்டதே 1962இல் வெளிவந்த ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்.

ஸ்பிட்ஃபயர் இந்தியாவில் தயாரிக்கப்படவில்லை, ஹெரால்ட் தயாரிக்கப்பட்டது. சென்னைக்கு வெளியே வண்டலூரை அடுத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் அது வெளிவரத் தொடங்கியது. முழுதாகச் செய்யப்பட்ட கார்களின் இறக்குமதியை அரசு இறுக்கிய காலம் அது. உள்நாட்டில் உற்பத்தி செய்ய முன்வராத ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1950களின் நடுப்பகுதிக்குள் இந்தியாவைவிட்டு வெளியேறிவிட்டன. சாமானியருக்குக் கிட்டியவை அம்பாசிடர், ஃபியட், ஹெரால்ட் என்னும் மூன்றே. வேகத்தில் நாட்டம் கொண்டவர்கள் இம்மூன்றிலிருந்தே தமக்கான பந்தயக் காரைச் செதுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவர்களுக்குக் களமாக அமைந்தது சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போடப்பட்ட விமான ஓடுதளம். 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறக்கப்படும்வரை தென்னாட்டுப் பந்தய ஆர்வலர்களுக்குச் சோழவரமே தலைநகரமாயிருந்தது. பார்வையாளர் கண்டது ஓட்டத்தை மட்டுமே. அதற்கு முந்தைய மாதங்களில் வீட்டுக் கொட்டகைகளில் நடந்ததைக் கண்டவர் சிலர்தாம். சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவது, தேவையற்ற இரும்பைக் கழற்றி எடையைக் குறைப்பது, கிடைக்காத உதிரிப்பாகத்தைப் புதுப்பேட்டையில் தேடுவது, அங்கும் கிடைக்காவிடில் லேத்துப் பட்டறையில் கடைந்துகொள்வது என நீண்ட வேலை அது.

ஹெரால்டைப் பந்தயத்துக்குப் பழக்குவதில் ஒரு பெரும் இடர் இருந்தது. அதன் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனி அச்சில் ஊஞ்சல்போல் மேலும் கீழும் ஆடுபவை. மேலே குறுக்காக ஒரே கமான் பட்டை. வளைவில் வேகமாகத் திருப்பி, அஞ்சி ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால், வண்டியின் பின்புறம் மேலெழும், வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கும், வண்டி சுழன்றுவிடும். பட்டையின் வளைவைக் குறைத்துப் பின்புறத்தைத் தாழ்த்துவதே இதற்குப் பட்டறைகள் அறிந்த எளிய மருந்து. 1970இல் வந்த ஸ்பிட்ஃபயரில் பட்டையின் அமைப்பையே தயாரிப்பாளர் மாற்றினர். நம் நாட்டில் 1972இல் ஹெரால்டின் வழித்தோன்றலாக வந்த கேஸலில் பின்னச்சு விறைப்பான ஒரே அச்சாக மாறியது. அனுமந்தைக் கொட்டகையில் நான் கண்ட காரின் பின்புறமும் தாழ்ந்தே இருந்தது. பட்டையின் தட்டுகளைத் தம் கையால் நிமிர்த்தியதாகப் பெரியவர் சொன்னார்.

பந்தயத்தின் எதிரி வளைவு என்றால், அனுமந்தையில் எதிரி காற்று. உப்பு உண்டாக்கும் துருவுக்கு ஒரு கணக்கு உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சாதாரண உப்பு தானாகவே நீரை ஈர்த்துக் கசிகிறது. உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் மிகுந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ சுமார் 33 விழுக்காடே போதும். கடலோரத்தில் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அரிது. எனவே உப்பளத்துப் புழுதி படிந்த இரும்பு, கோடை நண்பகலிலும் கண்ணுக்குத் தெரியாமல் நனைந்தேயிருக்கிறது. ஹெரால்டின் சேசிஸில் நடுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளே முதலில் உளுத்துப்போகின்றன. அவை உள்ளீடற்றவை, துரு உள்ளிருந்து தின்றுகொண்டு வரும்.

பெரியவரின் முறை எளிமையானது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவி உலரவிடுகிறார். சட்டத்தின் வடிதுளைகளைக் கம்பியால் குத்தி அடைப்பு நீக்குகிறார். பிறகு எண்ணெயைப் பீய்ச்சுகிறார். கழுவாமல் எண்ணெய் பூசினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டுவதாகிவிடும் என்பது அவருடைய எச்சரிக்கை. துருவேறிய தகட்டின்மேல் பட்டி பூசி வண்ணம் அடிப்பதை அவர் வேலையாகவே மதிப்பதில்லை. துரு பற்றிய பகுதியை வெட்டியெறிந்து, புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்யவேண்டும் என்கிறார்.

அவர் காட்டியவற்றுள் ஒன்று என்னை அச்சுறுத்தியது. முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டப்பட்டிருக்கிறது. செப்புக் கலவையாலான ஓர் உறுப்புக்குள் அது திருகி அமர்ந்து, ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் சுழல்கிறது. டிரனியன் என்பது அதன் பெயர். அதற்கு இடவேண்டியது கெட்டியான கியர் ஆயில், கிரீஸ் அன்று. கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. வறண்ட இடத்தில் நீர் புகும். உப்புநீரும் இருவேறு உலோகங்களும் கூடினால் எஃகு அரிக்கப்பட்டு, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். மேலிருந்து பார்ப்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

"இதையெல்லாம் எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா ஐயா?" என்று கேட்டேன்.

"நாப்பது வருசமா கழட்டி மாட்டறேன் சார். எழுதினதில்ல. எழுதி வச்சா மட்டும் யாரு படிக்கப் போறாங்க?" என்றார்.

இத்தகைய கைகளின் அறிவு அரிதாகச் சில இடங்களில் வரலாறாகப் பதிவாகியிருக்கிறது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800இன் என்ஜினைக் கொண்டு 1980களின் இறுதியில் பார்முலா மாருதி என்னும் பந்தயக் காரை உருவாக்கினார். செலவு குறைந்த அந்தக் கார், பணம் படைத்தோர் அல்லாதவர்க்கும் பந்தயத்தின் கதவைத் திறந்தது. 2005இல் இந்தியாவிலிருந்து பார்முலா ஒன்னுக்குச் சென்ற முதல் வீரரான நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் அதனை ஓட்டியவரே. 1995இல் சிறுவிமான விபத்தில் கரிவரதன் மறைந்தார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்திலுள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கைக்குக் கிட்டிய பொருளைக்கொண்டு வேகத்தைச் செய்துகொள்ளும் அதே மரபுதான் அது. ஆனால் ஹெரால்டைச் சீவியவர்களுக்கும் தாழ்த்தியவர்களுக்கும் பெயரில்லை.

பெயர் மட்டுமன்று, அவர்கள் செய்த பொருளும் இனி எஞ்சுமா என்பதே என் கவலை. 2021இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த வாகனம் தனிப் பதிவெண் பெறலாம். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குச் சாலையில் செல்லலாம். வரவேற்கத்தக்க விதியே. எனினும் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வாகனம் அதன் மூலவடிவில் இருக்கவேண்டும். சேசிஸிலோ உடலிலோ என்ஜினிலோ பெருமாற்றம் செய்யப்பட்டிருத்தல் கூடாது. தொழிற்சாலை தந்தபடியே திரைக்குப்பின் பூட்டி வைக்கப்பட்ட செல்வர் வீட்டுக் கார் இந்த வரையறைக்குள் எளிதில் அடங்கும். சோழவரத்துக்காக மாற்றப்பட்ட ஹெரால்ட் அடங்குவது கடினம். நம் மண்ணில் அக்காரின் வரலாறு எதுவோ, அந்த மாற்றங்களே அதன் தகுதிக்கேடாக எண்ணப்படும்.

ஏட்டைப் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. மூலபாடத்தைத் தேடும் ஆர்வத்தில், படியெடுத்தோர் ஓரத்தில் எழுதிய குறிப்புகளைப் பிழையென்று தள்ளிய காலம் ஒன்று இருந்தது. பிற்காலத்தில்தான் அக்குறிப்புகளும் ஒரு காலத்தின் வாசிப்பு வரலாறு என்பதை உணர்ந்தோம். சீவப்பட்ட சிலிண்டர் ஹெட்டும் நிமிர்த்தப்பட்ட கமான் பட்டையும் அத்தகைய ஓரக்குறிப்புகளே. இறக்குமதி அடைபட்ட ஒரு நாட்டில், உரிமம் இல்லாத ஆசையை மனிதர்கள் எவ்வாறு நிறைவேற்றிக்கொண்டார்கள் என்பதற்கு அவையே சான்று. மூலவடிவக் கார்களுக்கு ஒரு பட்டியல் இருப்பதுபோல், மாற்றப்பட்ட கார்களுக்கும் ஒரு பதிவேடு வேண்டும். சாலையில் ஓட அனுமதிப்பது பாதுகாப்பு சார்ந்த தனிக்கேள்வி. என்ன மாற்றப்பட்டது, ஏன், யாரால் என்பதை எழுதி வைக்க எந்த அனுமதியும் தேவையில்லை.

விடைபெறும்போது பெரியவர் கொட்டகையின் மூலையில் சாக்கில் சுற்றி வைத்திருந்த ஒன்றைப் பிரித்துக் காட்டினார். எண்ணெய் தடவிய பின்னச்சுத் தண்டு ஒன்று. "ஒண்ணு போனா ஒண்ணு வேணும் இல்லியா சார்?" என்றார். அவருக்குப் புறநானூறு தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கும் அதுவரை அந்தப் பாடல் முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. மறுவாரம் ஒரு நோட்டுடன் மீண்டும் அனுமந்தைக்குச் சென்றேன். முதல் பக்கத்தில் டிரனியனுக்கு எண்ணெயிடும் முறையை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.