ஊக்கமூட்டும் நேர்காணல்: மறுவாழ்வு மருத்துவத்தில்

பழக்கத்தை மாற்றிக்கொள்வதற்கான காரணத்தை நோயாளியின் வாயாலேயே வரவழைக்கும் உரையாடல் முறை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் மதுப்பழக்கச் சிகிச்சைக்காக இதை முன்வைத்தார். ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991இல் நூலாக்கினார். விரிவான பதிலுக்கு இடம்தரும் கேள்வி, பாராட்டு, கேட்டதன் உட்பொருளைத் திருப்பிச் சொல்லுதல், தொகுத்துரைத்தல் ஆகியவை அடிப்படைத் திறன்கள்.

வேலூர் வட்டாரத்தில் இதன் தேவை கண்கூடு. தொழுநோயிலும் நீரிழிவிலும் உணர்விழந்த பாதங்களில் புண் வராமலிருக்க எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு தரப்படுகிறது, கரிகிரி தொழுநோய் மையம் இத்துறையில் பெயர்பெற்றது. செருப்பு கொடுப்பது எளிது, தினமும் போடவைப்பதுதான் கடினம். “ஏன் போடலை?” என்று அதட்டினால் சாக்குதான் வரும். ஆம்பூர்த் தோல் தொழிலாளி ஒருவர், “இதப் போட்டா நோய்க்காரன்னு தெரிஞ்சிடும் சார்” என்கிறார் என்று கொள்வோம். “புண்ணைவிட ஊர்ப்பேச்சுதான் உங்களுக்குப் பெரிசா இருக்கு” என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டு, பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். “ஆனா புண்ணு வந்தா வேலை போயிடுமே” என்று அவரே சொல்லும்போது மாற்றத்துக்கான பேச்சு தொடங்குகிறது. அறிவுரை சொல்லத் துடிக்கும் நாவை அடக்குவதே இங்கு முதல் திறன்.

வேலூரின் மறுவாழ்வுப் பணி இம்முறைக்கும் முந்தையது. 1954 விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வுத் துறைக்குத் தலைமை ஏற்றார்; அதன் உள்நோயாளி மறுவாழ்வு நிலையம் 1966இல் பாகாயத்தில் திறக்கப்பட்டது.

ஊக்கமூட்டும் நேர்காணலை மூளைக்காயத்தால் நினைவாற்றலோ பேச்சோ குன்றியவர்களிடம் நடத்தும்போது கேள்விகளைச் சுருக்கி, அடிக்கடி தொகுத்துச் சொல்ல வேண்டும்.